ஏழு அரை டிக்கெட்

மலைப் பஸ் கண்டக்டர் யாகப்பன் திருடர் என்பதை ஒரு கட்டம் போட்ட தாள் கண்டுபிடித்துவிட்டது. தாளின் சொந்தக்காரர் குமாஸ்தா மாதேஸ்வரன். சேலத்தில் ஒரு வாரம் புள்ளிவிவர வகுப்புக்குப் போய்வந்த நாளிலிருந்து, அந்தத் தனியார் பஸ் கம்பெனியில் அவர் வரைபடம் போடாத பொருள் டீ கிளாஸ் ஒன்றுதான்.

முதலாளி நஞ்சப்பனின் மேசை கொள்ளாமல் தாள் தரைவரை வழிந்தது. கல்யாண ஜமக்காளமே அதன் முன்னால் கைக்குட்டை. சிவப்புக் கோடு சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கியவர்கள். பச்சைக் கோடு திரும்பி ஏறியவர்கள்.

"பெரியவங்க டிக்கெட்டுல ரெண்டு கோடும் புருசன் பொண்டாட்டியாட்டம் ஒட்டிக்கிட்டே போவுதுங்க. அரை டிக்கெட்டுலதான் பிரியுது. எண்பத்தாறாம் வருசம் ஐப்பசியில இருந்து மூணு மாசத்துல தொண்ணூத்தாறு புள்ளைங்க எறங்கியிருக்குது. ஏறுனது எண்பத்தொம்பது."

"மிச்சம் ஏழு எங்க போச்சு, யாகப்பா?" என்றார் முதலாளி.

யாகப்பன் தோல் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். பதினெட்டு வருஷ சர்வீஸ். வேலை போனால் ஐந்து வயிறு காயும்.

"ஹாஸ்டல்ல சேத்திருப்பாங்களோ என்னமோ," என்று முதலாளியே இரக்கப்பட்டு ஒரு வழி காட்டினார்.

மாதேஸ்வரன் அந்த வழியையும் அடைத்தார். "அதுவும் பாத்துட்டனுங்க. ஏழும் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்குனது. திரும்ப அதே ஸ்டாப்புல தாய்க்காரி தோள்ல போட்டு ஏறுனதை டிரைவர் பாத்திருக்காரு. யாகப்பண்ணன் டிக்கெட்டும் கிழிக்கல. முன்சீட்டைக் காலி பண்ணிக் குடுத்து, 'புள்ள தூங்குது, யாரும் கிட்ட போவாதீங்க'ன்னு காவல் வேற காத்தாராம். அவ்வளவு பாசம்."

வகுப்பில் கைதட்டு வாங்கிய மாணவனைப் போல மாதேஸ்வரன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"காசை எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லு," என்றார் முதலாளி. "பாவம்னு விட்டிருந்தாலும் சொல்லு. எதுவும் சொல்லலைன்னா பையைக் கழட்டி வெச்சுட்டுப் போ."

யாகப்பன் பையைக் கழற்றினார். விசிலையும் எடுத்துத் தாளின்மேல், இரண்டு கோடும் பிரிகிற இடத்தில் வைத்தார். வாசல்வரை போனவரை மாதேஸ்வரன் விடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்கண்ணே. புள்ள தூங்குனா டிக்கெட் வேண்டாம்னு எந்த ரூல்ஸுல இருக்குது?"

யாகப்பன் திரும்பாமலே சொன்னார்.

"தூங்கியிருந்தா டிக்கெட் போட்டிருப்பேனுங்க, தம்பி."