மூன்று பேருக்குத் தெரிந்த முட்டி

"கதவைச் சாத்து. ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது."

கோச் சொன்னதும் பிசியோ கதவைச் சாத்தினார். டிரெஸ்ஸிங் ரூமை ஒட்டிய சின்ன சிகிச்சை அறை அது. கேப்டன் இடது முட்டியில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்தபடி கட்டிலில் கிடந்தான். வெளியே ஜெயித்தவர்களின் ஆட்டமும் பாட்டமும் காதைப் பிளந்தன. கால்பந்து இறுதிப் போட்டியில் தோற்றவர்களுக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"இவனுக்கு முட்டி சரியில்லன்னு தெரிஞ்சது மூணே பேருக்கு. இவனுக்கு, எனக்கு, உனக்கு. இவன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அப்புறம் எப்படி ஆரம்பத்துலேருந்தே அவனுங்க இடது காலையே குறிவெச்சு மோதினானுங்க?"

"எனக்கும் அதான் புரியல சார்."

"உனக்கா புரியல? உன் மச்சான்தானே அவனுங்க பஸ்ஸை ஓட்டுறான்?"

பிசியோவின் முகம் சுண்டிப்போனது. "எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல சார். ஒரு கல்யாண வீட்டுச் சண்டை. எல்லாருக்கும் தெரியுமே."

கோச் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பக்திமான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அணியை வட்டமாக நிறுத்தி ஜெபிப்பார். கோல் போட்டவனுக்கு ஒரு வசனம், மஞ்சள் அட்டை வாங்கியவனுக்கு ஒரு வசனம் என்று கைவசம் நிறைய வைத்திருப்பார். அந்த வட்டத்தில் சேராமல் மூலையில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் பிசியோ. அது கோச்சுக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

"கூட உட்கார்ந்து சாப்பிட்டவன்தான்யா காட்டிக்கொடுத்தான். யூதாஸ் முத்தம் கொடுத்துட்டுச் செஞ்சான். நீ கட்டுப் போட்டுட்டுச் செஞ்சிருக்கே."

"சார், அந்தப் பேரு மட்டும் வேண்டாம்." பிசியோ கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே..." கேப்டன் தயங்கினான். "வாய் தவறி எங்கேயாவது சொல்லிட்டீங்களா? இருந்தா சொல்லிடுங்கண்ணே. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கோச் திட்டியதையாவது தாங்கிக்கொள்ளலாம். தினமும் தன் கையால் கட்டுப் போட்டு நடக்கவைத்த பையன் இப்படிக் கேட்டதைப் பிசியோவால் தாங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"நானா?" கோச் நெஞ்சில் கை வைத்தார். "மனுஷன் ஒருத்தன்கிட்ட மூச்சு விடல. ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். முழங்கால் போட்டு, அழுது சொன்னேன். என்ன, அவரு போய் அவனுங்ககிட்டப் போட்டுக்கொடுத்துட்டாருங்கிறியா?"

பிசியோ குனிந்து, கட்டிலில் கிடந்த பேண்டேஜைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"மேலே டீம் முதலாளி காத்துக்கிட்டிருக்காரு. நான் போய் யாரு பேரையாவது சொல்லியாகணும். நீயா விலகிட்டேன்னா மரியாதையோட போகலாம். இல்லேன்னா உன் பேரைச் சொல்லிடுவேன். அப்புறம் எந்த டீமும் உன்னை வாசப்படி ஏத்தாது."

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான் சார். புள்ளக்குட்டிக்காரன்..."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

பிசியோ கேப்டனைப் பார்த்தார். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிசியோ மெதுவாகக் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"ஸ்தோத்திரம் பிரதர்! உள்ளே வரலாமா?"

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், அக்குளில் பைபிளை இடுக்கிக்கொண்டு நின்றார். கோச்சின் முகம் சட்டென்று சாந்தமானது.

"வாங்க சிஸ்டர். நம்ம ஜெப வீட்டுல உங்களைப் பார்த்திருக்கேன்."

"ஆமா பிரதர், பின் வரிசையில உட்காருவேன். நம்ம தம்பியைப் பார்த்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன். அந்தப் பழைய முட்டி வலி இப்போ எப்படியிருக்கு தம்பி?"

கேப்டன் எழுந்து உட்கார்ந்தான். "என் முட்டி... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னப்பா இப்படிக் கேக்குற? வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துல உங்க கோச் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'ஆண்டவரே, எங்க கேப்டனோட இடது முட்டியைத் தொடும்'னு அந்த அழுகை அழுதாரே! மண்டபமே சேர்ந்து ஆமென் சொல்லிச்சு. அன்னையிலேருந்து எங்க வீட்டுல தினமும் உனக்காகத்தான் ஜெபம்."

ஐஸ் பை நழுவித் தரையில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. கோச்சுக்கு வியர்த்துக் கொட்டியது. கைவசம் இருந்த வசனங்களில் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை.

"ஏம்மா, எங்கே போயிட்டே? போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க!"

திறந்திருந்த கதவுக்கு வெளியே, வென்ற கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார் எதிரணியின் கோச்.

"இதோ வந்துட்டேங்க!" என்ற பெண்மணி, உள்ளே நின்ற கோச்சின் பக்கம் திரும்பி ரகசியக் குரலில் பூரித்துப்போய்ச் சொன்னார். "எங்க வீட்டுக்காரர்தான், பிரதர். ஜெபம்னாலே எழுந்து ஓடிப்போற மனுஷன். அன்னைக்கு மட்டும் சாப்பாட்டைத் தள்ளிவெச்சுட்டு, 'இடது முட்டிதானே, நல்லாக் கேட்டியா?'ன்னு திரும்பத் திரும்ப எவ்வளவு அக்கறையா விசாரிச்சாரு தெரியுமா!"