ஹோலிஸின் கயிறு

படகே இல்லாத மனுஷன் அலையாத்திக் காட்டுக்குள் படகைக் கட்டிப்போட இடம் பிடித்து வைத்திருந்தார். அதுவும் ஓடையின் கடைசி வளைவில், காற்று எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில்.

பார்த்ததும் வெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்குப் புயல். கரியாக்கூ தீவில் இருந்த எல்லோரும் காலையிலேயே படகுகளை ஓடைக்குள் கொண்டுவந்து மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிவிட்டார்கள். வெர்லின் மட்டும் வெளிக்கடல் திட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பேட்டரி செத்துக் கிடந்ததால் சேதியே தெரியவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது ஓடையில் ஒரு வாளி மிதக்கவும் இடமில்லை, அந்த ஒரு இடத்தைத் தவிர.

அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவே தடிமனான புதுக் கயிறு தொங்கியது. ஹோலிஸின் கயிறு.

கயிறு யாருடையதோ, இடம் அவருடையது. சர்ச் உண்டியலில் கை வைப்பவன்கூட இந்த ஊரில் அடுத்தவனின் புயல் கயிற்றைத் தொடமாட்டான்.

வெர்லின் படகுகளைக் கரையேற்றி வைக்கும் யார்டுக்கு ஓடினாள். அங்கே வெள்ளைக்காரர்களின் உல்லாசப் படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நின்றன. இடம் வேண்டுமென்றால் புயல் சீசன் தொடங்கும் ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும் என்றான் மேனேஜர். சொல்லியிருந்தாலும் அவன் கேட்கும் வாடகைக்குப் படகையே விற்றாலும் பத்தாது.

அவள் படகுக்குப் பேர் 'பொறுமை'. அவளுக்கும் அந்தப் பேருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிரெனடாவில் ஒருத்தனிடம் பழசாக வாங்கும்போதே அந்தப் பேரோடுதான் வந்தது. கரியாக்கூவில் பிறந்த படகு என்று மட்டும் விற்றவன் சொன்னான். அவளும் அம்மாவும் சாப்பிடுவது அதை வைத்துத்தான். அது உடைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஓடையில் படகு கட்டியிருந்த ஆல்வினிடம் போனாள். அவன் படகைக் கொஞ்சம் நகர்த்தினால் பக்கத்தில் சொருகிக்கொள்கிறேன் என்று கேட்டாள். தன் படகு நிறைமாசக்காரி மாதிரி, அசைக்கவே கூடாது என்றான் அவன்.

"ஹோலிஸைக் கேளேன். காலைல ஒரு வெள்ளைக்காரன் டாலர நீட்டினான். முடியாதுன்னுடுச்சு பெருசு."

"ஏனாம்?"

"என் படகு வரணும்ங்குது. அதோட படகு போன புயல்லயே விறகாயிடுச்சு. அந்த விறகுலதான நாம மீன் சுட்டுத் தின்னோம்? ரேட்டு ஏறட்டும்னு பாக்குது, வேறென்ன."

ரம் கடையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். ஹோலிஸைத் திட்ட ஆளுக்கொரு வார்த்தை இருந்தது. தன் கயிற்றை ஒரு சாண் தளர்த்தத்தான் ஒருத்தரும் இல்லை.

ஹோலிஸிடம் அவள் எப்படிக் கேட்பது? 'பொறுமை'யின் பாய்மரத்தை அறுத்துப் போட்டுவிட்டு எஞ்சின் மாட்டிய அன்றைக்கு, அவர் கரையில் நின்று அவளைக் கொலைகாரி என்று கத்தியவர். பதிலுக்கு அவளும் அவருடைய பொய்ப்பல்லைப் பற்றி ஊருக்கே கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

நேரே ஓடைக்குப் போனாள். மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். ஹோலிஸின் கயிற்றை ஒரு வெட்டோடு விட்டிருக்கலாம். ஆத்திரத்தில் நாலு துண்டாக நறுக்கிச் சேற்றில் எறிந்தாள்.

'பொறுமை'யை உள்ளே தள்ளிவிட்டுத் தன் நங்கூரக் கயிற்றை எடுத்தாள். அது நைந்துபோய்க் கிடந்தது. இருப்பதை வைத்துக் கட்டுவோம் என்று முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

சேற்றில் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. ஹோலிஸ்தான். இடுப்பளவு சேறு, கழுத்தில் மாலை மாதிரி இரண்டு பழைய கார் டயர்.

கயிற்றுத் துண்டுகளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெருசு அடிக்கத்தான் வருகிறது என்று நினைத்து வெர்லின் முந்திக்கொண்டாள்.

"ஆமா மாமா, நான்தான் வெட்டினேன். இப்ப என்னங்கிற? படகே இல்லாத ஆளுக்கு எதுக்கு இடம்?"

"எனக்குப் படகு இல்லைன்னு எவன் சொன்னான்?"

"இருந்தா காட்டு, பாப்போம்."

அவர் ஒரு டயரைக் கழற்றி 'பொறுமை'யின் விலாவுக்கும் மரத்துக்கும் நடுவில் செருகினார். அப்புறம் அதன் பலகையில், மாட்டைத் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டு தட்டினார்.

"இந்தா, இதுதான். இதை நான் கட்டுனப்போ நீ பொறக்கவே இல்ல. பேரு வச்சதும் நான்தான். எவன் வாங்கினாலும், எவ ஓட்டினாலும், கட்டினவன் சாகற வரைக்கும் அது அவன் படகு. இந்தத் தீவுல அப்படித்தான் சொல்லுவோம்."

வெர்லின் போட்டுக்கொண்டிருந்த முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டதான் நான் பேசறதில்லையே. விடியக்காலைல நீ திட்டுக்குக் கிளம்பினதப் பாத்தேன். கழுத ஊரெல்லாம் கட்டினப்புறம்தான் வந்து நிக்கும்னு தெரியும்." இரண்டாவது டயரைச் செருகினார். "உனக்காக இல்ல. இதுக்காக."

"சரி மாமா. இப்ப என்ன பண்றது?"

அவர் சேற்றிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"படகக் கட்டத்தான்டி இந்தக் கயிறே வாங்கினேன். நாலா நறுக்கி வச்சிருக்க. இனிமே உன் நாக்கால கட்டு, அதுதான் நீளமா இருக்கு."