எட்டு வருஷ கியாரண்டி

“புது பேட்டரியே போடுவோம்! எட்டு வருஷம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம்!” ஒர்க்‌ஷாப் அதிரக் கத்தினார் அப்பா.

“ரீபில்ட் போதும்ப்பா!” மகள் அதற்கும் மேலே கத்தினாள்.

ஹைபிரிட் காரின் பேட்டரி படுத்துவிட்டது. கல்யாணமே செய்துகொள்ளாமல் கடையையே கட்டிக்கொண்டு வாழும் ஓனரம்மா மூன்று வழி சொல்லியிருந்தார். புதுசு போட்டால் கவலையில்லை. செத்த செல்களை மட்டும் மாற்றிய ரீபில்ட் என்றால் மாதாமாதம் கொண்டுவந்து காட்ட வேண்டும். அடிபட்ட காரிலிருந்து கழற்றியது என்றால் வாராவாரம்.

அப்பாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஓனரம்மாவின் தம்பி ஸ்பேனரும் கையுமாக வாட்டசாட்டமாக நின்றான். மனைவி இறந்தபின் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரே மகளாயிற்றே! அவளை ஓரமாக இழுத்துப்போனார்.

“மாசாமாசம் யாரைப் பார்க்க வரப்போறே? அந்தத் தடியனையா?”

“ஐயோ, அவருக்கு ரெண்டு பிள்ளைங்கப்பா! வரப்போறது நீங்கதான். எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சாச்சு, உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? அம்மா போனப்புறம் நீங்க வாய்விட்டுச் சிரிச்சதே இங்கதான். ஓனரம்மா டீ நீட்டும்போது.”

அப்பா ஓனரம்மா பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏம்மா, அந்த அடிபட்ட கார் பேட்டரி... வாராவாரம்னுதானே சொன்னாங்க?”

மகள் வெளியூர் போய்விட்டாள். அப்பா இப்போது ஒர்க்‌ஷாப் மாடியில் குடியிருக்கிறார், ஓனரம்மாவின் வீட்டுக்காரராக. கல்யாணமான மறுநாளே காருக்குப் புது பேட்டரி போட்டுவிட்டார்கள். இனி எதற்கு ஓட்டை பேட்டரி?