கொட்டிய தண்ணீர்

கட்டிக்கொடுத்த மகள் கொட்டிவிட்ட தண்ணீர் என்பார்கள் அந்தச் சீனக் கிராமத்தில். மணமகளின் கார் நகர்ந்ததும் பெற்றவள் ஒரு பேசின் தண்ணீரை அதன் பின்னால் வீசிக் கொட்டியாக வேண்டும். ரூய்ஃபாங்கும் கொட்டினாள். எலும்பை உறைய வைக்கும் குளிர். தண்ணீர் வாசலிலேயே கட்டியாகி, ஒரு மாதமாக உருகாமல் கிடந்தது. அவள் தினமும் அதை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

இன்று பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பனிக்கட்டிக்கு அப்பால் மகள் சுன்யான் வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. "இனிமே அங்க போகமாட்டேம்மா."

அடுப்பருகே இருந்த ரூய்ஃபாங்கின் கணவர் திரும்பவில்லை. "கொட்டின தண்ணிய யாராவது அள்ளுவாங்களா? போகச் சொல்லு."

ரூய்ஃபாங் மண்வெட்டியை எடுத்துப்போய் வாசலைக் கொத்தினாள். சில்லுகளைக் கையாலேயே அதே பேசினில் அள்ளிவந்து, அவர் கண்ணெதிரே அடுப்பில் ஏற்றினாள். பனி மெல்ல உருகியது. கலங்கலில் கல்யாணப் பட்டாசின் சிவப்புக் காகிதத் துணுக்குகள் மிதந்தன.

அவர் எட்டிப் பார்த்தார்.

"பாதிதானே இருக்கு," என்றார்.

ரூய்ஃபாங் வாசலைப் பார்த்தாள். மகள் இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை.