வீட்டு மூக்கு

அம்மா கதவைத் திறப்பதற்குள் வேப் என்கிற அந்த மின்சிகரெட் தலையணைக்கு அடியில் போய்விட்டது. புகையும் கலைந்துவிட்டது. மிச்சம் இருந்தது அதன் மாம்பழ வாசனை மட்டும்தான். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

அம்மாவுக்குத்தான் மூக்கு கிடையாதே.

இருக்கிறது. முகத்தின் நடுவில் எடுப்பாகவே இருக்கிறது. போன வருஷம் வந்த காய்ச்சல் அதன் வேலையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து சென்ட்டும் பினாயிலும் அவளுக்கு ஒன்றுதான்.

அதனால் பதினாறு வயதிலேயே அவனுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. வீட்டு மூக்கு. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. மீன் வாங்கினால் அவன் முகர்ந்து பார்க்க வேண்டும். அப்பாவின் சட்டையை இன்னொரு நாள் போடலாமா கூடாதா என்பதற்கும் அவன்தான் நீதிபதி. அப்பாவே சட்டையைக் கொஞ்சம் பவ்யமாகத்தான் நீட்டுவார். படுக்கப் போகும் முன் அவன் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, கேஸ் கசியவில்லை என்பதற்கு ‘ஒண்ணுமில்ல’ என்று குரல் கொடுத்தால்தான் அம்மா விளக்கை அணைப்பாள்.

இவ்வளவு பொறுப்பான பதவியில் இருந்தவன்தான் வேப்பைத் தொட்டான்.

கூடைப்பந்துக் கூட்டாளிகள் நீட்டினார்கள். சும்மா ஓர் இழுப்பு. பிறகு சும்மா சும்மா இழுப்பு. மற்ற பையன்கள் கழிவறைக்கும் மொட்டைமாடிக்கும் ஓடிக்கொண்டிருக்க, இந்தத் துரை மட்டும் கட்டிலில் சாய்ந்துகொண்டே இழுத்தார். அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். இதற்கென்றே கட்டிக் கொடுத்த மாதிரி ஒரு வீடு தனக்கு வாய்த்திருப்பதாகப் பெருமைகூடப் பட்டான்.

பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை.

முதலில் மைதானத்தில் மூச்சு வாங்கியது. பாதி ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டு ஷூ கடிக்கிறது என்றான். பாவம், அந்த ஷூ அவனை ஒன்றுமே செய்யவில்லை. அடுத்துத் தூக்கம் போனது. வகுப்பில் பாடம் நடக்கும்போதே கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. தட்டில் எதை வைத்தாலும் சப்பென்று இருந்தது, உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான்.

பிறகு ஒருநாள் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்தபோது எதுவுமே தெரியவில்லை. கேஸ் இருக்கட்டும், அன்றைக்குப் பொரித்த மீன்கூடத் தெரியவில்லை.

‘ஒண்ணுமில்ல’ என்றே குரல் கொடுத்தான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

ஆனால் அம்மா விளக்கை அணைத்ததும் எழுந்துபோய், அடுப்பின் திருகையும் சிலிண்டரின் திருகையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பயமாக இருந்தது. வீடே அவனை நம்பித் தூங்குகிறது.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் ஏன் போச்சு என்று கேட்பார்கள்.

இப்போது கதவைத் திறந்து வந்த அம்மா ஒரு டம்ளரை நீட்டினாள். மதியம் முழுக்க கரண்ட் இல்லையாம். பிரிட்ஜில் இருந்த பால் தேறுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய நிபுணன் தோரணையில் மூச்சை இழுத்தான். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பால் வெள்ளையாக இருந்தது. மெல்ல ஆட்டினான், திரியவில்லை. அதற்குமேல் அவனிடம் ஆதாரம் கிடையாது. கொஞ்ச நாளாக மீனுக்கும் சட்டைக்கும் வழங்கிவரும் தீர்ப்பையே பாலுக்கும் வழங்கினான். நல்லாத்தான் இருக்கு.

அம்மா தலையாட்டினாள். அப்படியானால் வீணாக்குவானேன், தானே குடித்துவிடுவதாகச் சொல்லி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

போன வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து தேறிய உடம்பு அது. அந்தப் பால் கெட்டிருந்தால்?

உதட்டில் படுவதற்குள் எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டான். பாதிப் பால் போர்வையில் கொட்டியது.

“குடிக்காதம்மா. எனக்கு வாசனையே தெரியல. ரொம்ப நாளாவே தெரியல.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சின்னப் பையனைப் போலப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான்.

கேள்வி வரவில்லை. அம்மா கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சப் பாலை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தாள்.

“பால் நல்லாத்தான்டா இருக்கு. இந்த மாம்பழம்தான் மூக்கைத் துளைக்குது. போன மாசம் புதினா வந்துச்சே, அது கொஞ்சம் பரவாயில்ல.”