சுவரோரத் தகரம்

"வேணும்னேதான் பண்றா. மழை வந்தா மாடியில நின்னுக்கிட்டு என் கூரை மேல தண்ணியைத் தள்ளி விடறா!"

சமையலறையில் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள் சின்னவள். கூரை வேலைக்காரர் ஏணியைச் சாய்க்க இடம் தேடினார்.

"யாரும்மா?"

"வேற யாரு? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காளே, என் கூடப் பிறந்தவ!"

அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்ட அக்கா தங்கைகள். அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே இல்லாமல் போய் முடிந்தது. இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அக்காவின் கணவர் இறந்தபோதுகூட சின்னவள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள்.

சின்னவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் பேச ஆள் கிடையாது. சாயங்காலமானால் தன் டி.வி.யைப் போடமாட்டாள். அக்காவுக்குக் காது மந்தமோ என்னவோ, அங்கே சீரியல் அலறும். இவள் தட்டோடு வந்து சுவரோரமாக உட்கார்ந்து, அதைக் கேட்டபடியே சாப்பிடுவாள். என்ன கதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"நல்லா அடைச்சுக் குடுத்துடுங்க. நாளைக்கு வீட்டைப் பார்க்க ஆள் வருது. வித்துட்டு எங்கேயாவது கண்காணாம போயிடறேன்."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? நான் செத்தாக்கூட அவ எட்டிப் பார்க்க மாட்டா."

வேலைக்காரர் கூரை மேல் ஏறினார். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்.

"ஷீட்ல ஓட்டையே இல்லம்மா. உங்க கூரை போய் அக்கா சுவர்ல முட்டுதில்ல, அந்தச் சந்துலதான் தண்ணி இறங்குது."

"நான்தான் சொன்னேனே!"

"இருங்கம்மா. சுவர்ல நீளமா வெட்டி விட்டிருக்கு. அதுல தகரத்தைச் சொருகி உங்க கூரை மேல மடிச்சுவிட்டா, சுவர்ல வழியற தண்ணி தகரத்து மேலேயே ஓடிடும். இங்க தகரம் இருந்த தடம்கூட இருக்கு. எங்கே அது?"

சின்னவளுக்கு அந்தத் தகரம் நினைவுக்கு வந்தது.

போன கோடையில் கூரையில் விழுந்த சருகுகளைத் தள்ள ஏறியவள், அக்கா சுவரிலிருந்து ஒரு தகரம் தன் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இன்றைக்குத் தகரம், நாளைக்கு மொத்தக் கூரையும் தனதென்பாள் என்று கொதித்துப்போய், பிடுங்கி அக்காவின் கொல்லையில் விட்டெறிந்தாள். அக்கா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவரை சமையலறையில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

"நான்தான் பிடுங்கிப் போட்டேன்" என்றாள், வாளியைப் பார்த்தபடி.

"என்னம்மா நீங்க! அடுத்த வீட்டுக் கூரைக்காகத் தன் சுவரை வெட்ட யாரு விடுவாங்க?"

அப்போது அக்கா வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல். ரகசியமாகத்தான் பேசியது. ஆனால் தண்ணீர் இறங்கிய சந்து வழியாக அதுவும் இறங்கியது.

"தம்பி, அந்தத் தகரம் என்கிட்டதான் இருக்கு. நிமித்தி வெச்சிருக்கேன். கயித்துல இறக்கறேன், சொருகிடுங்க. புதுசுன்னு சொல்லிடுங்க, இல்லேன்னா மறுபடியும் பிடுங்கிப் போட்டுட்டு நனைஞ்சுக்கிட்டே சமைப்பா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்க தம்பி. நான் டி.வி.யைச் சத்தமா வைக்கணும். எனக்கு அந்த சீரியல் பிடிக்கவே பிடிக்காது, அவதான் சுவரோரமா உக்காந்து கேப்பா."

சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு சந்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"எனக்கும் அது பிடிக்காதுக்கா!"