எதிர்வீட்டுக்காரன் அளவு

“யாருக்கு இந்தக் கையில்லாத ஸ்வெட்டர்?” என்று தோர்பியோன் கேட்டான்.

“சொல்ல மாட்டேனே!” என்று சிரித்தாள் மனைவி குன்வோர்.

அவள் குளிக்கப் போனதும் அதை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தான். மேடும் பள்ளமுமாக வரிவரியாக ஓடிய பின்னல், அவன் தொப்பையில் பாதியைத்தான் மறைத்தது. அப்படியானால் இது தனக்கில்லை. அந்தத் தெருவிலேயே அத்தனை ஒல்லி, எதிர்வீட்டு ஐவிண்ட் ஒருவன்தான். வாரம் தவறாமல் மீன் கொண்டுவந்து கொடுத்து, குன்வோரிடம் இளித்துவிட்டுப் போகிறவன்!

நாமும் இளைத்துக் காட்டுவது என்று தோர்பியோன் கங்கணம் கட்டிக்கொண்டான்.

“வாஃபிள் சூடா இருக்கு, வா!”

“வேணாம், பல்வலி.”

குளிர்காலம் முழுக்க அதே பல்வலி. வேலை முடிந்ததும் மலையில் பனிச்சறுக்கு. நார்வேக் குளிருக்கு எப்போதும் மூன்று அடுக்குக் கம்பளியில் இருந்ததால், உள்ளே தொப்பை கரைந்தது யார் கண்ணிலும் படவில்லை.

அவன் பிறந்தநாளன்று குன்வோர் அந்த ஸ்வெட்டரை நீட்டினாள்.

“எனக்கா? இத்தனூண்டு இருக்கே!”

“வரிப் பின்னல் சும்மா கிடந்தா சுருங்கித்தான் இருக்கும், மக்கு! போட்டா ரப்பர் மாதிரி விரியும். நீ தூங்கறப்ப உன் தொப்பையை அளந்துதான் பின்னினேன். போட்டுக் காட்டு!”

அசடு வழிய, கம்பளிகளைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டான். ஒரு வரிகூட விரியவில்லை.

குன்வோரின் சிரிப்பு மறைந்தது. தொப்பை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“பல்வலின்னு என்னை ஏமாத்திட்டு, திருட்டுத்தனமா இளைச்சிருக்கே. உண்மையைச் சொல்லு... யாரு அவ?”